கடலூர் நீரேற்று நிலையங்களுக்குக் கண்காணிப்பு மென்பொருள்: பேனல் போர்டிலிருந்து திரை வரை

முதல் வாரம் ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டாம். பம்ப் ஹவுஸ் பம்ப் ஹவுஸாகப் போய் வாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லாக் புத்தகம் இருக்கும். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், வோல்ட், மூன்று ஃபேஸின் ஆம்ப்ஸ், தொட்டி மட்டம், குளோரின் கலந்த அளவு, நடுநடுவே "கரண்ட் இல்லை" என்று ஒரு குறிப்பு. நீங்கள் எழுதப்போவது இந்தப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத்தான். அதில் உள்ள பத்திகளை (நெடுவரிசைகளை) அப்படியே எடுத்து டேட்டாபேஸின் முதல் அட்டவணையை அமையுங்கள். ஆபரேட்டர் வருடக்கணக்காக எழுதிவரும் ஒரு பத்தி உங்கள் திரையில் இல்லாவிட்டால் அவர் புத்தகத்தைத்தான் நம்புவார். அது நியாயமும்கூட.

கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது, 45 வார்டுகள். குடிநீருக்குப் பெரும்பாலும் நிலத்தடி நீர். நிலவியலாளர்கள் இந்த ஊரின் பெயராலேயே கடலூர் மணற்கல் என்று அழைக்கும் அடுக்குதான் இந்தப் பகுதியின் முக்கிய நீர்த்தாங்கி. கெடிலமும் தென்பெண்ணையும் ஊரை ஒட்டிக் கடலில் கலக்கின்றன. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலும் அதன் பின்னே தென்பெண்ணை வெள்ளமும் வந்தன. உப்புக் காற்று, வெள்ளம், நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத நிலை ஆகிய மூன்றையும் மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு முடிவையும் எடுக்க வேண்டும்.

இந்த மென்பொருளின் முதல் கடமை, தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாமல் இருப்பது. இரண்டு மணி நேரத்துக்கு முன் வந்த "தொட்டி 3.2 மீட்டர்" இப்போதும் பச்சையாக நின்றால், அதை நம்பி ஒருவர் வால்வைத் திறப்பார், ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகாது. கீழே வரும் பெரும்பாலான குறிப்புகள் இந்தக் கடமையிலிருந்து பிறந்தவை.

கணக்கெடுப்பில் விடக்கூடாதவை

ஒவ்வொரு நிலையத்திலும் மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள குதிரைத்திறன், முழுச்சுமை ஆம்ப்ஸ், ஸ்டார்ட்டர் வகை, சி.டி. (கேபிளின் மின்னோட்டத்தை மீட்டர் அளக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) விகிதம், மின் இணைப்பு எண், எந்த ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் மின்தடம்), சாவி யாரிடம் என எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபீடர் விவரம் இப்போது தேவையில்லாததுபோல் தோன்றும். எச்சரிக்கைகளை எழுதும்போது அதன் அருமை தெரியும்.

தொட்டியின் உயரத்தை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். வழிந்தோடும் குழாயின் அடி விளிம்பு எங்கே, வெளியேறும் குழாயின் மேல் விளிம்பு எங்கே என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சென்சாரின் பூஜ்யமும் தொட்டியின் பூஜ்யமும் ஒன்றல்ல. இந்த 20, 30 சென்டிமீட்டர் வித்தியாசத்தை விட்டுவிட்டால், திரையில் தண்ணீர் இருக்கும், குழாயில் வராது.

மொபைல் சிக்னலைப் பெட்டி வைக்கப்போகும் இடத்திலேயே, கதவை மூடி, மாலை நேரத்தில் அளந்து பாருங்கள். சிக்னல் மைனஸ் 105 டி.பி.எம்.முக்குக் (சிக்னல் வலிமையின் அலகு) கீழே போனால் ஆன்டெனாவை வெளியே ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கான கேபிளையும், கேபிள் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்டையும் அப்போதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

எதை அளப்பது

பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள்: மூன்று ஃபேஸும் வருகிறதா என்ற சிக்னல், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் துணைத் தொடுப்பிலிருந்து மோட்டார் ஓடுகிறதா என்ற சிக்னல், மோட்பஸ் (கருவிகள் எண்களைப் பரிமாறும் பொது நெறிமுறை) வசதியுள்ள எனர்ஜி மீட்டர், தொட்டி மட்டம், டெலிவரி அழுத்தம், ஃப்ளோ மீட்டர். கடலோரப் போர்வெல்களில் மின்கடத்துத்திறன் சென்சாரையும் சேர்க்க வேண்டும். முதல் இரண்டும் சில நூறு ரூபாய் ரிலேயில் முடிந்துவிடும். அதை வைத்தே லாக் புத்தகத்தின் பாதியை நிரப்பிவிடலாம்.

மட்டமும் அழுத்தமும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் லூப்பில் வரும். கணக்கு எளிது: படித்த அளவிலிருந்து 4-ஐக் கழித்து, 16-ஆல் வகுத்து, முழு வீச்சால் பெருக்க வேண்டும். 5 மீட்டர் சென்சாரில் 10.4 மில்லி ஆம்பியர் வந்தால் மட்டம் 2 மீட்டர். இப்போது வயர் அறுந்து மின்னோட்டம் 0 ஆகிறது என்று வையுங்கள். அதே கணக்கு மைனஸ் 1.25 மீட்டர் என்று சொல்லும். எழுதியவர் "மைனஸ் வராது" என்று அதைப் பூஜ்யமாக வெட்டிவிட்டால், தொட்டி காலி என்று காட்டும். மோட்டார் போடுவார்கள், நிரம்பிய தொட்டி விடியும்வரை வழியும். ஆகவே 3.6-க்குக் கீழேயும் 21-க்கு மேலேயும் வந்தால் மீட்டர் அளவாக மாற்றவே கூடாது. "சென்சார் பழுது" என்ற தரக்குறியோடு, மதிப்பு இல்லாமல் சேமியுங்கள். டேட்டாபேஸில் பூஜ்யமும் வெற்றிடமும் ஒன்றல்ல என்பதை ஒவ்வொரு அறிக்கையிலும் கடைப்பிடிக்க வேண்டும்.

தண்ணீரில் தொங்கவிடும் அழுத்த வகை மட்ட சென்சாரின் கேபிளுக்குள் மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று உண்டு. அதன் முனை ஈரமான பெட்டிக்குள் திறந்திருந்தால், சில மாதங்களில் ஈரம் இறங்கி அடைத்துக்கொள்ளும். அளவு மெல்ல மெல்ல நகரும். சிலிக்கா ஜெல் கூடு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மேலிருந்து ஒலியால் அளக்கும் வகைக்குச் சிலந்தி வலையும் மூடியில் கோக்கும் நீர்த்துளியும் எதிரி. தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் மேலே அதைப் பொருத்தவே கூடாது.

எனர்ஜி மீட்டரைப் படிப்பது

அதிக நாள்களை விழுங்கும் வேலை இது. மீட்டரிலிருந்து மோட்பஸ் வரும் ஆர்.எஸ்.485 கம்பி முறுக்கிய ஜோடியாக, ஷீல்டுடன் இருக்க வேண்டும்; மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் போகக்கூடாது; இரு கடைசியிலும் 120 ஓம் தடை வேண்டும். சுற்றின் நடுவில் உள்ள மீட்டருக்கும் தடை போட்டுவிட்டு "சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை" என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

மீட்டர் தன் அளவுகளை எண்ணிட்ட இடங்களில், அதாவது ரெஜிஸ்டர்களில், வைத்திருக்கும். ரெஜிஸ்டர் பட்டியலில் 40001 என்று அச்சிட்டிருந்தால், கேட்க வேண்டிய எண் பெரும்பாலும் 0. ஒன்று தள்ளிப் படித்தால் ஆர் ஃபேஸ் வோல்ட் இருக்கும் இடத்தில் ஆர் ஃபேஸின் பின்பாதியும் ஒய் ஃபேஸின் முன்பாதியும் ஒட்டிய பொருளற்ற எண் வரும். அடுத்தது சொல் வரிசை. தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் வரும். 230.5 வோல்ட் என்றால் முதல் ரெஜிஸ்டரில் 17254, இரண்டாவதில் 32768. உங்கள் நூலகம் இதைத் தலைகீழாகச் சேர்த்தால் திரையில் மைனஸ் 0.0 தெரியும். மின்சாரம் இருக்கும்போது வோல்ட் மைனஸ் பூஜ்யம் என்று வந்தால் வயரிங்கைத் தொடாதீர்கள்; இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

சி.டி. விகிதம் மூன்றாவது பொறி. 50-க்கு 5 சி.டி. போட்ட இடத்தில் மீட்டர் 5-க்கு 5 என்ற அமைப்பிலேயே இருந்தால் ஆம்ப்ஸும் கிலோவாட்டும் பத்தில் ஒரு பங்காக வரும். 20 குதிரைத்திறன் மோட்டார் 415 வோல்ட்டில் முழுச்சுமைக்கு ஏறக்குறைய 28 ஆம்ப்ஸ் இழுக்கும், திரையில் 2.8 என்றால் காரணம் இதுதான். விகிதத்தை மீட்டரிலேயே திருத்துங்கள். மென்பொருளில் பத்தால் பெருக்கிச் சமாளித்தால், அடுத்த வருடம் யாராவது மீட்டரைச் சரியாக அமைக்கும் நாளில் கணக்கு பத்து மடங்காகிவிடும்.

அனுப்புவதும் சேமிப்பதும்

நிலையத்தில் அளவுகளைப் படித்து அனுப்பும் ஒரு சிறிய ஆர்.டி.யூ. அல்லது பி.எல்.சி. (கட்டுப்பாட்டுக் கணினி), 4ஜி மோடம், செய்தி அனுப்ப எம்.க்யூ.டி.டி. நெறிமுறை; மறுபுறம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், அதன்மேல் நேரவரிசைத் தரவுக்கான டைம்ஸ்கேல். இந்த அளவு ஊருக்கு இது போதும். 40 நிலையம், நிலையத்துக்கு 12 அளவு, நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 6,91,200 வரிசை; வருடத்துக்கு 25 கோடி. நல்ல இன்டெக்ஸும், மாதவாரிப் பிரிப்பும், பழைய தரவுக்குச் சுருக்கமும் இருந்தால் ஒரே சர்வர் தாங்கும்.

ஒவ்வொரு செய்தியிலும் நிலையக் குறியீடு, அளவின் பெயர், மதிப்பு, அளந்த நேரம், தரக்குறி, வரிசை எண் ஆகிய ஆறும் இருக்கட்டும். அளந்த நேரம் என்பது நிலையத்தில் அளந்த நேரம். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தைத் தனிப் பத்தியில் வையுங்கள். இரண்டையும் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி கூட்டுங்கள். எங்கோ ஓர் இடத்தில் இருமுறை கூட்டிவிட்டால் விடியற்காலை 4 மணிக்கு ஓடிய மோட்டார் 9:30-க்கு ஓடியதாகப் பதிவாகும். ஆர்.டி.யூ.வின் கடிகார பேட்டரி செத்தால் 1970-ஆம் ஆண்டுத் தேதியோடு தரவு வரும். அதை அழிக்காமல் தனி அட்டவணையில் ஒதுக்கி, அந்த நிலையத்தின் மேல் "கடிகாரம் தவறு" என்று காட்டுங்கள்.

செய்தி ஒருமுறையாவது சேரும் என்ற உறுதியோடு அனுப்பினால் இரட்டையும் வரும். நிலையம், அளவு, அளந்த நேரம் மூன்றையும் சேர்த்துத் டேட்டாபேஸில் தனித்த சாவியாக (யுனீக் கீ) வைத்துவிட்டால் இரட்டை தானாக விழுந்துவிடும். டேட்டா மிச்சம் பிடிக்க, மட்டம் 2 சென்டிமீட்டர் மாறினால்தான் அனுப்பு என்று வைக்கலாம். ஆனால் அப்போது மௌனத்துக்கு இரண்டு பொருள் வந்துவிடும்: ஒன்றும் மாறவில்லை, அல்லது நிலையமே செத்துவிட்டது. அதனால் மாறினாலும் மாறாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு உயிர்த்துடிப்புச் செய்தி கட்டாயம். மூன்று துடிப்பு தவறினால் அந்த நிலையத்தின் எல்லா எண்களும் சாம்பல் நிறமாகட்டும்.

ஃப்ளோ மீட்டரில் ஓட்ட வேகத்தைப் படித்து நீங்களே கூட்டாதீர்கள். மீட்டரின் மொத்த எண்ணியைப் படியுங்கள். இணைப்பு ஆறு மணி நேரம் போனாலும் முன்னும் பின்னும் கழித்தால் ஓடிய தண்ணீர் கிடைத்துவிடும். வித்தியாசம் மைனஸில் வந்தால் மீட்டர் மாற்றப்பட்டது, அல்லது எண்ணி சுற்றித் திரும்பிவிட்டது. இரண்டையும் தனி நிகழ்வாகப் பதிவு செய்யுங்கள்.

எச்சரிக்கைகள்: குறைவாக, சரியாக

யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல முடியாத எச்சரிக்கையை வைக்காதீர்கள். நாளுக்கு நூறு எஸ்.எம்.எஸ். வந்தால் மூன்றாம் நாள் ஃபோனை சைலண்டில் போட்டுவிடுவார்கள், அதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது.

மட்டம் குறைவு என்பது 0.8 மீட்டரில் எழுந்து 1.0 மீட்டரில் அடங்கட்டும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் அலைக்கு அலை எஸ்.எம்.எஸ். போகும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் உள்ள மோட்டாரில் தொடக்கத்தில் ஆம்ப்ஸ் எகிறும், அதனால் முதல் 30 விநாடிக்கு ஆம்ப்ஸ் எச்சரிக்கை வேண்டாம். ட்ரை ரன்னைக் கண்டுபிடிக்க ஆம்ப்ஸைவிடக் கிலோவாட் நம்பகமானது. தண்ணீர் இல்லாமல் சுற்றும்போது பவர் ஃபேக்டர் சரிவதால் ஆம்ப்ஸ் கொஞ்சம்தான் குறையும், கிலோவாட் செங்குத்தாக விழும். வழக்கமான கிலோவாட்டில் 60 சதவீதத்துக்குக் கீழே 20 விநாடி நின்றால் ட்ரை ரன் என்று வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு பம்ப்புக்கும் பார்த்துத் திருத்துங்கள். மோட்டாரை நிறுத்தும் வேலை பேனலில் உள்ள ரிலேயுடையது. சர்வர் அதைச் சொன்னால் போதும்.

கரண்ட் போனால் மோட்டார் நின்றது, அழுத்தம் இல்லை, ஓட்டம் இல்லை என்று அடுக்கடுக்காக வரும். மூலக் காரணம் ஒன்றை மட்டும் அனுப்பி மற்றவற்றை அதன் கீழ் அடக்குங்கள். ஒரே ஃபீடரில் மூன்று நிலையம் இரண்டு நிமிடத்துக்குள் இருண்டால் "ஃபீடர் இல்லை" என்று ஒரே செய்தி போதும். கணக்கெடுப்பில் எழுதிய ஃபீடர் விவரம் இங்கேதான் உதவுகிறது.

இணைப்பு மீண்டதும் ஆர்.டி.யூ. தேக்கிவைத்த பழைய தரவைக் கொட்டும். எச்சரிக்கைப் பகுதி அதைப் புதிதென்று எண்ணி நள்ளிரவு நிகழ்வுக்குக் காலை பத்து மணிக்கு ஆளை ஓடவைக்கும். அளந்த நேரம் 10 நிமிடத்துக்கு மேல் பழையதென்றால் வரலாற்றில் மட்டும் எழுதுங்கள், செய்தி அனுப்பாதீர்கள்.

தமிழ் எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு பகுதிக்கு 70 இடம்தான், ஆங்கிலத்துக்கு உள்ள 160 கிடையாது. மஞ்சக்குப்பம் என்பது கண்ணுக்கு எட்டு எழுத்து. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 13 இடம் பிடிக்கும். "மஞ்சக்குப்பம் 2: மோட்டார் ட்ரிப்" என்ற அளவில் நிறுத்துங்கள். செய்தி வார்ப்புகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் எஸ்.எம்.எஸ். பதிவேடான டி.எல்.டி. முறையில் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பதால் அவற்றை முதல் மாதமே முடிவு செய்யுங்கள். இரவில் எஸ்.எம்.எஸ். போதாது, பத்து நிமிடத்தில் யாரும் ஏற்காவிட்டால் அழைப்பு போகட்டும், அதையும் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகட்டும்.

எண்களைச் சேர்த்துப் படித்தல்

ஓர் எண் தனியாகச் சொல்வதைவிட மூன்று எண் சேர்ந்து அதிகம் சொல்லும். அழுத்தம் ஏறி ஓட்டம் குறைந்தால் எங்கோ வால்வு மூடியிருக்கிறது. அழுத்தம் விழுந்து ஓட்டமும் கிலோவாட்டும் ஏறினால் குழாய் உடைந்திருக்கலாம். மூன்றும் சேர்ந்து விழுந்தால் உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீரோ காற்றோ பிரச்சினை. மோட்டார் நின்றபின் மேல்நிலைத் தொட்டி தானாக இறங்கினால் முதலில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைப் பாருங்கள்.

மோட்டாரின் உடல்நிலைக்குச் சிறந்த அளவு, ஒரு கிலோலிட்டருக்கு எத்தனை யூனிட் என்பது. மணிக்கு 60 கனமீட்டரை 45 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, தண்ணீருக்குப் போகும் திறன் 60-ஐ 45-ஆல் பெருக்கி, அலகுகளை மாற்றும் எண்ணான 367-ஆல் வகுத்தால் 7.4 கிலோவாட். பம்ப்பும் மோட்டாரும் சேர்ந்து 55 சதவீதத் திறனில் இயங்கினால் மீட்டரில் 13.4 கிலோவாட் காட்டும், கிலோலிட்டருக்கு 0.22 யூனிட். பம்ப் மாட்டிய முதல் மாதத்தின் எண்ணை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து 15 சதவீதம் ஏறினால் பராமரிப்புப் பட்டியலில் சேருங்கள். இம்பெல்லர் (பம்ப்பின் சுழலும் சக்கரம்) தேய்வு, நிலத்தடி மட்டம் இறங்கியது, குழாயில் உப்புப் படிவு என மூன்றும் இங்கே தெரியும். இதற்கு எஸ்.எம்.எஸ். தேவையில்லை, வாராந்திர அறிக்கை போதும்.

கசிவு கண்டுபிடிக்க, நள்ளிரவுக் குறைந்தபட்ச ஓட்டத்தைப் பார் என்று பல கையேடுகள் சொல்லும். 24 மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருக்கும் ஊருக்கு அது சரி. வேளை வைத்துத் தண்ணீர் விடும் நம் ஊருக்கு அது பொருந்தாது. இங்கே வேறு வழி உண்டு: வெளியேறும் வால்வை மூடியபின் தொட்டி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 15 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 1,770 லிட்டர். ஆறு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர், தொடர்ந்து மூன்று இரவு என்றால் வால்வு முழுதாக மூடவில்லை, அல்லது தொட்டியோ அதன் அடியில் உள்ள குழாயோ கசிகிறது.

கடலோரப் போர்வெல்லில் மின்கடத்துத்திறனை மணிக்கணக்கில் பார்க்க வேண்டாம், மாதக்கணக்கில் பாருங்கள். மைக்ரோ சீமென்ஸில் வரும் எண்ணை 0.64-ஆல் பெருக்கினால் கரைந்த உப்பு தோராயமாகக் கிடைக்கும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை. கோடு மேலே ஏறத் தொடங்கினால் அந்தப் போர்வெல்லின் ஓட்ட நேரத்தைக் குறைத்து உள்பக்கத்துக் கிணறுகளுக்குச் சுமையை மாற்றச் சொல்லுங்கள். உள்ளே வந்த கடல்நீர் எளிதில் திரும்பிப் போகாது.

திரை

வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டுவது பார்வையாளருக்கு அழகு. வேலை செய்பவருக்கு, கோளாறு உள்ள நிலையம் முதலில் வரும் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அதன் வயது இருக்கட்டும்: "3.2 மீ, 2 நிமிடம் முன்". சொற்கள் அவர்கள் பேசும் சொற்களாக இருக்கட்டும். சம்ப், ட்ரிப், ஏர் லாக் என்பவற்றை மொழிபெயர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஆபரேட்டர் கையால் பதிவிடும் மட்டத்தையும் சென்சார் மட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரு வாரம் ஒத்துப்போகாவிட்டால் சென்சாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தூரத்திலிருந்து மோட்டார் போடுவது

ஒரு மழைக்காலம் முழுக்கப் படிப்பது மட்டும் நடக்கட்டும். அதன்பின் தொடங்கினாலும், பேனலில் லோக்கல்/ரிமோட் சுவிட்ச் லோக்கலில் இருந்தால் எந்தக் கட்டளையும் செல்லக்கூடாது. உள்ளே ஆள் கை வைத்திருக்கலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் 30 விநாடி ஆயுள். அதற்கு மேல் பழையதென்றால் ஆர்.டி.யூ. எறிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நேற்று அழுத்திய ஸ்டார்ட் இன்று சிக்னல் வந்ததும் மோட்டாரைச் சுழற்றும்.

மோட்பஸுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. அது பயன்படுத்தும் 502 போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். நிலையம் வெளியே அழைக்கட்டும், வெளியிலிருந்து யாரும் உள்ளே அழைக்க முடியாதபடி தனி ஏ.பி.என். (உங்கள் சிம்களுக்கு மட்டுமான மொபைல் வலை) அல்லது வி.பி.என். வையுங்கள். நிலையத்துக்கு ஒரு தனிச் சான்றிதழ் கொடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மரூச்சியில், ஒப்பந்தப் பணியில் இருந்து விலகிய ஒருவர் ரேடியோ வழியாகக் கழிவுநீரேற்று நிலையங்களைக் கையாண்டதில் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்விப்பாவில் ஒரு பூஸ்டர் நிலையத்தின் பி.எல்.சி. வெளியாட்கள் கைக்குப் போனது. அந்த வகைக் கருவிகளில் ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதும், அவை இணையத்தில் திறந்து கிடந்ததுமே வழியானது. வேலையை விட்டுப் போனவரின் நுழைவு உரிமையை அன்றே நீக்கும் பொத்தான் உங்கள் மென்பொருளில் இருக்கட்டும்.

புயலுக்கு

12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. மோடமும் ஆர்.டி.யூ.வும் 5 வாட் எடுத்தால், 80 சதவீதம் வரை பயன்படுத்தினாலும் 13 மணி நேரம்தான். தானே புயல் அடித்தபின் இந்த ஊர் நாள்கணக்கில் இருட்டில் இருந்தது. 42 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 80 மணி நேரம் தரும், கூடவே சிறிய சோலார் பலகை இருந்தால் இன்னும் நல்லது. மென்பொருளில் "புயல் நிலை" என்று ஓர் அமைப்பு வையுங்கள். அதைப் போட்டதும் அனுப்பும் இடைவெளி 1 நிமிடத்திலிருந்து 15 நிமிடமாகும், உயிர்த்துடிப்பின் இடைவெளியும் அதற்கேற்ப நீளும். நிரம்பாத மேல்நிலைத் தொட்டிகளின் பட்டியல் முதலில் வரும். ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு தெரியும். மின்சாரம் போகும் முன் தொட்டிகளை நிரப்பிவிட வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பட்டியல். டவர் விழலாம் என்பதால் ஆர்.டி.யூ.வில் 30 நாள் தரவு தேங்க இடம் இருக்கட்டும். பெட்டியைக் கடைசி வெள்ளம் சுவரில் விட்ட கோட்டுக்கு அரை மீட்டர் மேலே மாட்டுங்கள். கேபிள் நுழைவு அடிப்பக்கமாக, கிளாண்டுடன் இருக்கட்டும். அடைக்காத துளை வழியாகப் பல்லி நுழைந்து டெர்மினலில் ஷார்ட் ஆவது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது.

ஒப்படைக்கும் முன்

ஒவ்வொரு நிலையத்திலும், எலக்ட்ரீஷியனோடு, மோட்டார் நின்றிருக்கும்போது தொடங்கி இவற்றைச் செய்யுங்கள்.

1. மட்ட சென்சாரின் ஒரு வயரைக் கழற்றுங்கள். திரையில் "சென்சார் பழுது" வர வேண்டும்; 0 வந்தால் திருப்பி எழுதுங்கள்.
2. ஃபேஸ் கண்காணிப்பு ரிலேயின் ஒரு ஃபியூஸை எடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஒரு எச்சரிக்கை வர வேண்டும்.
3. சிம்மைக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள். இடைவெளி நிரம்ப வேண்டும், பழைய எஸ்.எம்.எஸ். எதுவும் போகக்கூடாது.
4. மோட்டாரை ஓட்டி, டாங் டெஸ்டரால் (கேபிளைக் கவ்வி ஆம்ப்ஸ் அளக்கும் கருவி) மூன்று ஃபேஸையும் அளந்து திரையோடு ஒப்பிடுங்கள். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் சி.டி.யைப் பாருங்கள்.
5. தொட்டியில் டேப் விட்டு அளந்து, திரையில் அப்போது தெரிந்த மட்டத்தோடு சேர்த்து, தேதி, நேரத்துடன் அந்த நிலையத்தின் லாக் புத்தகத்திலேயே எழுதி ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.